மேக இரவில் தொலைநோக்கி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வானம் முழுக்க மூடியிருந்தால் தொல்லையே இல்லை. உறையைப் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். பாடாய்ப் படுத்துவது அரைகுறை மேகம்தான். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் தெரிகின்றன, ஆனால் கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கியின் ஓட்டத்தைத் திருத்திக்கொண்டே இருப்பது) அறுந்து அறுந்து போகிறது, ஃபோகஸ் நிற்க மாட்டேன் என்கிறது, படம் வெளிறுகிறது. உடனே கேபிளைப் பிடுங்கி மாட்டுவது, மென்பொருளில் உள்ள எண்களையெல்லாம் மாற்றுவது, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டைக் கழற்றுவது என்று இரவே போய்விடும். "மவுண்ட் போச்சு", "கேமரா போச்சு" என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் இரண்டே காரணங்களில் வந்து நின்றன: கண்ணில் படாத மெல்லிய உயர்மேகம், அல்லது கண்ணாடியில் படிந்த பனிநீர்.

அதனால் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போன தெளிவான இரவில் ஒழுங்காக ஓடிய எந்த அமைப்பையும், வானத்தையும் கண்ணாடியையும் பார்த்து முடிக்கும்வரை தொடக் கூடாது. பார்க்கும் வரிசை எப்போதும் இதுதான்: வானம், கண்ணாடி, கேபிள், மென்பொருள், கடைசியாகத்தான் கருவி.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு, உச்சியை அல்ல, படம் எடுக்கும் திசையையே பாருங்கள். அந்தப் பக்கம் சப்தரிஷி மண்டலம் இருந்தால் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா? வசிஷ்டரின் ஒளித்தரம் ஏறத்தாழ 2, அருந்ததியுடையது 4 (எண் கூடக் கூட மங்கல்). வழக்கமாக உங்கள் இடத்தில் அருந்ததி தெரியும், இன்று தெரியவில்லை என்றால் நடுவில் மெல்லிய மேகமோ புகைமூட்டமோ இருக்கிறது. சப்தரிஷி இல்லாத பருவத்தில் கார்த்திகைக் கூட்டத்தை எண்ணுங்கள். வழக்கமாக ஆறு எண்ணுகிறவருக்கு இன்று நாலுதான் அகப்படுகிறது என்றால் அதே முடிவுதான்.

நிலா இருந்தால் இன்னும் சுலபம். அதைச் சுற்றி 22 பாகை ஆரத்தில் பெரிய வளையம் தெரிந்தால் உயரத்தில் பனிப்படிக மேகம் பரவியிருக்கிறது. கையை முழுதாக நீட்டி விரல்களை அகட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறத்தாழ அந்த ஆரம்தான். "அகல் வட்டம் பகல் மழை" என்பது இந்த வளையத்தைப் பார்த்துச் சொன்னது. மழை வராமலும் போகலாம். ஆனால் வளையம் கட்டிய இரவில் மங்கலான நெபுலாவையோ கேலக்ஸியையோ தொடங்காதீர்கள்.

தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தால் உச்சியை நோக்கிப் பிடியுங்கள். தெளிந்த வானம் காற்றைவிட 20 பாகைக்கும் மேல் குளிராகக் காட்டுவது வழக்கம். தாழ்மேகம் வந்தால் அளவு காற்றின் வெப்பத்தை நெருங்கிவிடும். ஈரக்காற்றில் இந்த இடைவெளி சுருங்கும் என்பதால் உங்கள் இடத்தின் தெளிவான இரவு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வகை இதற்கு உதவாது, அவ்வளவு குளிரை அது காட்டாது. மெல்லிய உயர்மேகமும் இதில் சரியாக அகப்படாது, அதுவே குளிர்ந்து கிடப்பதால்.

அடுத்து டார்ச். எக்ஸ்போஷரை நிறுத்திவிட்டு வெள்ளை வெளிச்சத்தை முன்கண்ணாடியின் மேல் பக்கவாட்டில், சாய்வாக அடியுங்கள். சுத்தமான கண்ணாடி கறுப்பாகவே இருக்கும், நாலைந்து தூசி மட்டும் மின்னும். பனிநீர் படிந்திருந்தால் முழுப் பரப்பும் சாம்பல் நிறத்தில் ஒளிரும். இந்தச் சோதனையை இரவில் மணிக்கு ஒரு முறை செய்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

இன்னொரு பழக்கம்: உங்களுக்கு அமைந்த மிகச் சிறந்த இரவிலிருந்து ஒரே ஒரு ஃபிரேமைத் தனியாக எடுத்து வையுங்கள். சந்தேகம் வரும் இரவில் அதே எக்ஸ்போஷர், அதே கெயின் (கேமரா ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு), ஏறத்தாழ அதே உயரத்தில் ஒன்று எடுத்து, நட்சத்திர எண்ணிக்கையையும் பின்னணி அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்குவாதத்துக்கே இடமிருக்காது.

## அறிகுறி: கைடு நட்சத்திரம் தொலைந்துகொண்டே இருக்கிறது

முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். கைடிங்குக்கான கைடு கேமராவிலும், படம் எடுக்கும் முதன்மைக் கேமராவிலும் ஒரே நேரத்தில் மங்குகிறதா, ஒன்றில் மட்டுமா?

இரண்டிலும் சேர்ந்தே மங்கி, தானாகவே மீண்டால் மேகம். வேறு எதுவும் தேட வேண்டாம். பிஎச்டி2 மாதிரி கைடிங் மென்பொருளில் நட்சத்திரத்தின் ஒளியளவு திடீரென்று மாறினால் அதை நிராகரிக்கும் ஓர் அமைப்பு உண்டு. மெல்லிய மேகம் ஓடும் இரவில் அதன் வரம்பைத் தளர்த்துங்கள், அல்லது அணைத்துவையுங்கள். கைடு எக்ஸ்போஷரை 1 நொடியிலிருந்து 3, 4 நொடிக்கு ஏற்றுங்கள். பல நட்சத்திரங்களைச் சேர்த்துக் கைடு செய்யும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இவ்வளவுதான் செய்ய முடியும். கனமான மேகத்துண்டு வந்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது.

ஒன்றில் மட்டும் மெதுவாக மங்கி, மீளாமலே போனால் பனிநீர். கைடு தொலைநோக்கியின் சின்ன லென்ஸ் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் அதில்தான் முதலில் படியும். கீழே பனிநீர்ப் பகுதிக்குப் போங்கள்.

ஒரே நொடியில் அறுந்து, வேறு நட்சத்திரங்களும் இல்லாமல் போனால் கேபிளை அசைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் தொலைநோக்கிக் குழாய்க்குப் பின்னால் நின்று அது எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். மரக்கிளை, கூரை விளிம்பு, மின்கம்பி எதுவாகவும் இருக்கலாம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஒரே பொருளைத் தொடர்ந்து எடுக்கும்போது ஒவ்வோர் இரவும் முந்தின இரவைவிட 4 நிமிடம் முன்னதாக அதே இடத்தில் அறும். மேகம் இவ்வளவு ஒழுங்காக வராது.

கைடிங் வரைபடம் அசைவே இல்லாமல் நேர்கோடாக ஓடினால் சந்தோஷப்படாதீர்கள். மேகம் மறைத்த நேரத்தில் மென்பொருள் கேமராவின் சூட்டுப் புள்ளி (எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் பழுதுப் பிக்சல்) ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புள்ளி நகரவே நகராது என்பதால் கைடிங் அருமை என்று காட்டும், படத்திலோ நட்சத்திரங்கள் கோடு கோடாக இருக்கும். கைடு கேமராவுக்கு மூடி போட்டு டார்க் ஃபிரேம் தொகுப்போ, பழுதுப் புள்ளி வரைபடமோ ஒரு முறை எடுத்துவைத்தால் இந்தத் தொல்லை போய்விடும். முழு மேக இரவுகளில் செய்து முடிக்கத் தகுந்த வேலை அது.

நட்சத்திரம் நீண்ட நேரம் காணாமல் போய்த் திரும்பியிருந்தால் அப்படியே தொடராதீர்கள். அந்த இடைவெளியில் மவுண்ட் திருத்தம் இல்லாமல் ஓடியிருக்கும், பொருள் நகர்ந்திருக்கும். ஒரு பிளேட் சால்வ் (படத்தில் உள்ள நட்சத்திரங்களை வைத்துத் தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று மென்பொருள் கணக்கிடுவது) செய்து மையப்படுத்திய பிறகு தொடங்குங்கள்.

நிபுணரைக் கூப்பிடுவது எப்போது? நிச்சயமாகத் தெளிவான இரவில், கேபிளையும் மாற்றிப் பார்த்த பிறகும், ஒரே திசையில் மவுண்ட் திருத்தத்துக்குப் பணியவில்லை என்றால் மட்டும். மேக இரவில் எடுத்த கைடிங் பதிவை வைத்துக்கொண்டு பல்சக்கரத்தைத் திறக்காதீர்கள்.

## அறிகுறி: நட்சத்திரங்களைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம்

மூன்று காரணங்கள், மூன்றுக்கும் வேறு வேறு முகம்.

உயர்மேகம்: பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மட்டும் மென்மையான பெரிய வட்டம் வரும், அடுத்தடுத்த ஃபிரேம்களில் அதன் அளவு மாறிக்கொண்டே இருக்கும். சின்ன நட்சத்திரங்களின் அளவு கூடாது, எண்ணிக்கைதான் குறையும்.

பனிநீர்: வட்டம் ஃபிரேமுக்கு ஃபிரேம் வளர்ந்துகொண்டே போகும், குறையவே குறையாது.

ஃபோகஸ் விலகல்: எல்லா நட்சத்திரங்களும் ஒரே மாதிரி பருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்குவதால் இது வரும்.

மூன்று ஃபிரேம்களை வேகமாக மாற்றி மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஃபோகஸ் என்றால் மறுபடி வையுங்கள். பனிநீர் என்றால் அடுத்த பகுதி. உயர்மேகம் என்றால் முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான், அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

மேகம் முக்கால் ஒளித்தரம் விழுங்கினால் வந்துசேரும் ஒளி பாதியாகிவிடும். "சரி, இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் போச்சு" என்று தோன்றும். மங்கலான பொருளுக்கு அது போதாது. வானப் பின்னணி அப்படியே இருந்து பொருளின் ஒளி மட்டும் பாதியானால், அதே தரத்துக்கு 4 மடங்கு நேரம் வேண்டும். மேகம் தரை விளக்குகளைத் திருப்பி அனுப்பிப் பின்னணியையும் இரட்டிப்பாக்கினால் 8 மடங்கு. தெளிவான ஒரு மணி நேரம் தருவதைப் பெற அப்படிப்பட்ட இரவு முழுக்க உட்கார வேண்டும். அதனால்தான் உயர்மேக இரவில் நெபுலாவை விடச் சொல்கிறேன். நிலா, கிரகங்கள், இரட்டை நட்சத்திரங்கள் பக்கம் திரும்புங்கள். அவை இந்த இழப்பைத் தாங்கும்.

எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி) மாதிரி, ஒரு குறுகிய நிறத்தை மட்டும் உள்ளே விடும் குறும்பட்டை ஃபில்டர் போட்டால் மேகம் தெரியாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஃபில்டர் விளக்கு வெளிச்சத்தையும் நிலவொளியையும்தான் தடுக்கும். அது உள்ளே விடும் 656.3 நானோமீட்டர் ஒளியும் மேகத்தில் சிதறிப் போவது போவதுதான், ஃபில்டர் அதை மீட்டுத் தராது.

## அறிகுறி: ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது, அப்புறம் எல்லாம் மங்கிவிட்டது

பெரும்பாலும் பனிநீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல இரவுகள் அதிகம் வீணாகின்றன.

பலர் எதிர்பார்க்காத ஒன்று: மேகம் மூடியிருக்கும்போது பனிநீர் குறைவு, மேகம் விலகியதும்தான் அது பாய்ந்து வரும். மேகம் தரையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். அது விலகியதும் கண்ணாடி தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மழை விட்டுத் தரை ஈரமாக இருக்கும் இரவில் இது இன்னும் வேகமாக நடக்கும். "அப்பாடா, வெளுத்துவிட்டது" என்று உட்காரும் அதே அரை மணியில் கண்ணாடி நனைந்திருக்கும்.

முதல் தடுப்பு, ஏறத்தாழச் செலவே இல்லாதது: நீண்ட ஹூட். கண்ணாடியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது நீளம் வேண்டும். படுக்கை விரிப்புக்குப் பயன்படும் நுரைத்தாளைச் சுருட்டி, உள்பக்கம் கறுப்பாக்கினால் போதும். கண்ணாடி பார்க்கும் வானத்தின் அகலத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

அடுத்தது: சூட்டுப் பட்டை. கண்ணாடி இருக்கும் இடத்துக்கு நேராகக் குழாயின் வெளிப்புறத்தில் சுற்ற வேண்டும், ஹூட்டின் மேல் அல்ல. பனிநீர் படிந்த பிறகு போட்டால் நேரமாகும். காற்றின் வெப்பமும் பனிநிலை வெப்பமும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 3 பாகைக்குள் நெருங்கினால், முன்கூட்டியே குறைந்த அளவில் போட்டுவிடுங்கள். முழு அளவில் வைத்தால் கண்ணாடிக்கு முன் சூடான காற்று எழும்பி நட்சத்திரங்கள் பருத்துவிடும்.

பட்டை போட்டும் படிகிறதா? பட்டையைத் தொட்டுப் பாருங்கள். சூடில்லை என்றால் இணைப்பைப் பாருங்கள், பிறகு மின்கலத்தின் மின்னழுத்தத்தை. இரவு நீளும்போது மின்கலம் தளர்ந்து, மவுண்டும் பட்டையும் சேர்ந்தே தடுமாறுவது அடிக்கடி நடக்கும். பட்டைக்குத் தனி மின்கலம் வைப்பது நல்லது.

ஏற்கனவே படிந்துவிட்டால் துடைக்காதீர்கள். ஈரத்தோடு தூசியும் சேர்ந்து மேற்பூச்சில் கீறல் விழும். ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். சாம்பல் படலம் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்து நடுவில் ஒரு நாணய அளவுக்கு நின்று மறையும். மறைந்ததும் பட்டையைப் போடாமல் விட்டால் சீக்கிரமே மறுபடி வரும்.

எந்தக் கண்ணாடி நனைந்தது என்று தேடும்போது தொலைநோக்கியின் வகையை நினைவில் வையுங்கள். லென்ஸ் வகையிலும், முன்பக்கம் திருத்தத் தகடு உள்ள வகையிலும் முன்கண்ணாடிதான். நியூட்டன் வகையில் அடியில் உள்ள பெரிய ஆடி குழாய்க்குள் பத்திரமாக இருக்கும், மேலே உள்ள சிறிய சாய்ந்த ஆடிதான் நனையும். ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) உங்கள் மூச்சிலேயே நனையும். ஒன்றைப் பொருத்தியிருக்கும்போது அடுத்ததைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான ஈரக்காற்றுக்கு எடுத்துவந்தாலும், குளிர்ந்த வெளியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுபோனாலும் உடனே படியும். கண்ணாடி உலர்ந்திருந்தால் மூடி போட்டு, பெட்டியோடு எடுத்துப்போய், வெப்பம் சமமான பிறகு திறங்கள். நனைந்திருந்தால் நேர் எதிர்: மூடியே போடாதீர்கள். கண்ணாடி கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, முழுக்க உலரும்வரை திறந்தே வையுங்கள்.

ஈரம் வெளிப்பரப்பில் இல்லாமல் லென்ஸ்களுக்கு நடுவிலோ திருத்தத் தகட்டின் உள்பக்கமோ தெரிந்தால், வறண்ட அறையில் சில நாள் திறந்து வைத்துப் பாருங்கள். போகவில்லை, அல்லது கறை விட்டுப் போகிறது என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். லென்ஸ் அடுக்கைக் கழற்றினால் மறுபடி அதே சுழற்சியில், அதே இடைவெளியில் பொருத்த வேண்டும். அது வீட்டு மேசையில் நடக்கும் வேலை அல்ல.

## அறிகுறி: ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் ஏறுகிறது

ஹிஸ்டோகிராம் என்பது படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடம், அது வலப்பக்கம் போனால் பின்னணி வெளுக்கிறது. நிலா எழுந்துவிட்டதா என்று பாருங்கள். பொருள் அடிவானத்தை நோக்கி இறங்குகிறதா? 30 பாகை உயரத்தில் உச்சியைப் போல இரண்டு மடங்கு காற்றைத் தாண்டி ஒளி வர வேண்டும். இரண்டும் இல்லை, ஏற்றமும் இறக்கமும் அலை அலையாக வருகிறது என்றால் அது கீழேயிருந்து விளக்கொளி பட்ட மேகம். விளக்குகள் நிறைந்த இடத்தில் மேகம் வெளுப்பாகத் தெரியும். உண்மையிலேயே இருண்ட இடத்தில் அதே மேகம் வானத்தைவிடக் கறுப்பாகத் தெரியும், பின்னணியும் ஏறாது. அங்கே நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள்.

## அறிகுறி: ஆட்டோஃபோகஸ் தோற்கிறது, பிளேட் சால்வ் ஆகவில்லை

ஆட்டோஃபோகஸ் பல ஃபிரேம்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வேலை செய்கிறது. நடுவில் ஒரு மேகத்துண்டு போனால் வளைவு குலையும். உடனே மறுபடி ஓட்டாதீர்கள். கடைசியாகச் சரியாக இருந்த நிலைக்கே ஃபோகசரைக் கொண்டுபோய் வையுங்கள், இடைவெளி கிடைக்கும்போது பிரகாசமான நட்சத்திரம் ஒன்றில் பாத்தினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று காட்டும் கீற்றுத் தட்டு) போட்டுச் சரிபாருங்கள்.

பிளேட் சால்வுக்கு எக்ஸ்போஷரை இரண்டு மூன்று மடங்காக்குங்கள். அப்போதும் ஆகவில்லை என்றால் ஃபோகஸ், அதற்குப் பிறகுதான் மென்பொருளில் கொடுத்த குவியத்தூர எண். நேற்றுவரை சரியாக இருந்த எண் இன்று தானாகத் தப்பாகாது.

துருவ நட்சத்திரம் மேகத்தில் மறைந்து துருவச் சீரமைப்பு (மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக்குவது) நின்றுபோனால், வானத்தில் திறந்திருக்கும் எந்தத் துண்டிலும் மூன்று இடங்களைப் படமெடுத்துக் கணக்கிடும் முறை பல மென்பொருள்களில் இருக்கிறது. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குத் துருவத்துக்கு அருகில் 5-ஆம் ஒளித்தரத்துக்கும் மங்கலான நட்சத்திரம்தான் என்பதால், லேசான மேகத்திலேயே இந்த முறை தேவைப்படும்.

## அறிகுறி: முன்னறிவிப்பு தெளிவு என்றது, வானமோ மூடிக்கிடக்கிறது

மொத்த மேக அளவு என்ற ஒற்றை எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிட்டு தாழ்மேகம், நடுமேகம், உயர்மேகம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். 20 சதவீதம் தாழ்மேகம் என்றால் துண்டு துண்டாக வந்து போகும், இடைவெளியில் வேலை நடக்கும். 20 சதவீதம் உயர்மேகம் என்றால் மெல்லிய திரை நெடுநேரம் நிற்கலாம்.

ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பையும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் கணிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்டி, மீட்டியோபுளூ போன்ற வானிலைத் தளங்களில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிப் பொருத்துங்கள். முரண்பட்டால் பத்தே நிமிடத்தில் பொருத்தவும் கழற்றவும் முடிகிற சின்னக் கருவியை மட்டும் வெளியே எடுங்கள்.

கடைசி இரண்டு மணி நேரத்துக்குக் கணிப்பைவிடச் செயற்கைக்கோள் படம் மேல். ஹிமவாரி, கோஸ் போன்றவை 10 நிமிடத்துக்கு ஒரு முறை படம் அனுப்புகின்றன. ஆனால் இரவில் வரும் சாதாரண அகச்சிவப்புப் படத்தில் ஒரு பொறி இருக்கிறது. தாழ்மேகமும் மூடுபனியும் தரையின் வெப்பத்தையே ஒத்திருப்பதால் அதில் தெரியாமலே போய்விடும். 3.9 மைக்ரான் அலைவரிசையையும் 11 மைக்ரானை ஒட்டிய அலைவரிசையையும் கழித்துக் காட்டும் இரவுநேர வண்ணப்படம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

மேகம் துளியும் இல்லை, ஆனாலும் வானம் வெளிறிக் கிடக்கிறது என்றால் தூசியோ புகையோ. பகலிலேயே கண்டுபிடிக்கலாம்: ஒரு கட்டடத்தின் நிழலில் நின்று, சூரியன் முழுதாக மறைந்திருக்க, அதை ஒட்டிய வானத்தைப் பாருங்கள். விளிம்புவரை நீலமாக இருந்தால் இரவு நன்றாக அமையும். அகலமாக வெளுத்திருந்தால் அன்று நெபுலாவுக்குத் திட்டமிட வேண்டாம்.

கிரகணம், மறைப்பு போன்ற ஒரே நேர நிகழ்வு என்றால் காத்திருப்பது தீர்வல்ல, இடம்பெயர்வதுதான் தீர்வு. 1761-இல் நடந்த வெள்ளிக் கடப்பை (சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போவதை)க் கப்பலில் இருந்ததால் அளக்க முடியாமல் போன கியோம் லெ ஜெந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர், அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். 1769 ஜூன் 4 காலை மேகம் மறைத்துவிட்டது. அவருக்குச் செயற்கைக்கோள் படம் கிடையாது, நமக்கு இருக்கிறது. முந்தின நாளே எதிரெதிர்த் திசைகளில் இரண்டு மாற்று இடங்களைக் குறித்துவைத்து, கையில் தூக்கிப்போகும் கருவியை மட்டும் தயார் செய்யுங்கள். சூரியன் தொடர்பான நிகழ்வில் மேகம் மூடியிருக்கிறது என்று ஃபில்டரைக் கழற்றவே கழற்றாதீர்கள். மேகம் ஒரு நொடியில் விலகும், கண் போனால் திரும்பாது.

## அறிகுறி: மேகமே இல்லை, கிரகம் மட்டும் கொதிக்கிறது

தெளிவு வேறு, காற்றின் நிதானம் வேறு. மழைமேகம் கடந்துபோன மறுநாள் வானம் கழுவிவிட்டது போல இருக்கும், நெபுலாவுக்கு அதுவே பொன்னான இரவு, ஆனால் காற்று பெரும்பாலும் அலைபாயும். லேசான மூட்டமுள்ள அமைதியான இரவில் வியாழன் கல்லில் செதுக்கியது போல நிற்பதும் உண்டு.

பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை ஃபோகஸிலிருந்து விலக்கிப் பாருங்கள். வட்டுக்குள் எல்லாம் ஒரே திசையில் வேகமாக ஓடினால் மேல்காற்று, உங்களால் ஆகக் கூடியது எதுவும் இல்லை. மெதுவாக ஒரு புகைத்தாரை எழுவது போலத் தெரிந்தால் குழாய்க்குள் சூடு இன்னும் அடங்கவில்லை, ஒரு மணி நேரம் பொறுங்கள். குறுகிய வீடியோவாக ஆயிரக்கணக்கில் ஃபிரேம் எடுத்துச் சிறந்தவற்றை மட்டும் சேர்த்தால் மெல்லிய மேகத்தினூடேயும் கிரகம் வரும். ஆடிச் சீரமைப்பு தப்பு என்ற முடிவுக்கு, நிதானமான ஓர் இரவு வரும்வரை வராதீர்கள்.

## அறிகுறி: ஸ்டாக் செய்த படம் சேறாக இருக்கிறது

ஸ்டாக் என்பது பல ஃபிரேம்களை ஒரே படமாகச் சேர்ப்பது. அதில் மேகம் பட்ட ஃபிரேம்கள் உள்ளே போயிருக்கின்றன. கோடுகளை நீக்கும் சராசரி முறை செயற்கைக்கோள் தடத்தைத்தான் எடுக்கும். பல ஃபிரேம்களில் பரவிய மூட்டத்தை அது உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். தூசி நிழலையும் ஓர இருட்டையும் சரிசெய்ய எடுக்கும் ஃப்ளாட் படமும் இதைத் திருத்தாது.

ஸ்டாக் செய்யும் மென்பொருள் சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் எதுவானாலும் ஃபிரேம்களை நட்சத்திர எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள். அந்த இரவின் சிறந்த ஃபிரேமில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்கும் கீழே போனவற்றை நான் தயங்காமல் தள்ளிவிடுவேன். அப்புறம் பின்னணி அளவுப்படி ஒரு முறை. மீதியை ஒவ்வொன்றாகக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். மனசு கேட்காமல் வைத்துக்கொண்ட மோசமான ஃபிரேம், நல்ல ஃபிரேமையும் கெடுக்கும்.

அடுத்த முறை மேகத்துண்டுகள் ஓடும் இரவில் 5 நிமிட எக்ஸ்போஷர் வேண்டாம். 40 நொடி மேகம் கடந்தாலும் 5 நிமிடமும் போய்விடும். 30 அல்லது 60 நொடி எடுத்தால் ஒன்று முதல் மூன்று ஃபிரேம்தான் நஷ்டம். இப்போதைய சிமாஸ் கேமராக்களில் வாசிப்பு இரைச்சல் (ஒவ்வொரு ஃபிரேமையும் படிக்கும்போது கேமரா சேர்க்கும் இரைச்சல்) குறைவு என்பதால் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

## அறிகுறி: படத்தின் நடுவில் கறை, தொலைநோக்கியை மாற்றினாலும் அங்கேயே

குளிரூட்டும் கேமராவின் உள்ளே ஈரம் புகுந்து சென்சாரிலோ அதன் கண்ணாடியிலோ பனிக்கட்டியாகப் படிகிறது. குளிரூட்டலை நிறுத்திச் சூடேற விடுங்கள். கறை போய், மறுபடி குளிரூட்டும்போது திரும்பி வந்தால் உறுதி. கேமராவின் கையேடு சொல்லும் விதத்தில் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகளை உலர்த்தியோ மாற்றியோ போடுங்கள். மாற்றியும் திரும்பினால் உள்ளே உள்ள அடைப்பு வளையம் பழுது, தயாரிப்பாளரின் பழுதுநீக்கும் மையத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

## அறிகுறி: திடீர் மழையில் நனைந்துவிட்டது

மின்சாரத்தைத் துண்டியுங்கள், அதுதான் முதல் வேலை. மின்கலத்தைக் கழற்றுங்கள். இடி கேட்டால் கருவியை விட்டுவிட்டு நீங்கள் உள்ளே போங்கள். உள்ளே கொண்டுவந்த பிறகு கேபிள்களையும் மூடிகளையும் கழற்றி, தண்ணீர் வடியும்படி சாய்த்து, சூடில்லாத மின்விசிறிக் காற்றில் இரண்டு நாளாவது விடுங்கள். "ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்று இடையில் மின்சாரம் கொடுக்காதீர்கள். ஈரத்தோடு கொடுத்தால் பிழைத்திருக்கக் கூடிய மின்பலகையும் கருகிவிடும். இணைப்பு ஊசிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தாலும், உப்பு நீர் பட்டிருந்தாலும் காத்திருக்காமல் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: நெடுநாள் மேகத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் கண்ணாடியில் சிலந்திவலை

பூஞ்சை. வாரக்கணக்கில் மேகம் என்று மூடியே வைத்த பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சிய நுரைக்கு நடுவில், இருட்டில் அது வளர்கிறது. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி புள்ளியாக இருக்கும், பூஞ்சை கிளை கிளையாக நூலோடியிருக்கும்.

வெளிப்பரப்பில் மட்டும் என்றால், முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து அழுத்தாமல் துடைக்கலாம். உள் அடுக்கில் இருந்தால் கொடுத்துவிடுங்கள், சீக்கிரமாக. நாளானால் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும், அதன் பிறகு துடைத்தாலும் தடம் போகாது. அதுவரை மற்ற ஐபீஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

வராமல் தடுக்க, பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் போடுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை உலர்த்திப் போடுங்கள். மேகம் விலகுகிறதோ இல்லையோ, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வறண்ட பகலில் மூடிகளைத் திறந்து, நேர்வெயில் படாமல் சில மணி நேரம் காற்றாட வையுங்கள்.